மகா பாபிலோன் எந்தப் பட்டணம்?



எங்கள் மணலி சபையில் வெள்ளிக்கிழமை வேத பாடம் வெளிப்படுத்தின விசேஷத்தில் நடந்துகொண்டிருக்கிறது. சென்ற மாதம் 18-ஆம் அதிகாரத்துக்கு வந்தோம். பாடம் எடுத்தது அடியேன்தான். பதினேழையும் பதினெட்டையும் சேர்த்து இரண்டே வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். நாலாவது வசனத்தை வாசித்தவுடனே ஒரு வாலிபத் தம்பி கையைத் தூக்கினார். "பிரதர், பாபிலோனை விட்டு வெளியே வாங்கன்னு ஆண்டவர் சொல்றாரு. அது எந்த ஊருன்னு தெரிஞ்சாத்தானே வெளியே வர முடியும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தபிறகு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் என்னிடம் தயாரான பதில் இருந்தது. அந்தப் பதிலினாலே ஏழு வருஷம் என் சொந்த அக்காள் வீட்டு வாசற்படியை நான் மிதிக்கவில்லை.

நான் பிறந்தது இராயபுரத்தில், ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில். இராயபுரம் என்கிற பேரே இராயப்பரிலிருந்து வந்தது. பழைய கத்தோலிக்கத் தமிழில் இராயப்பர் என்றால் நம்முடைய அப்போஸ்தலன் பேதுருதான். அவர் பேரில் இருக்கிற கோயிலில்தான் குழந்தையாக இருக்கும்போது எனக்குத் தண்ணீர் தெளித்தார்கள். 1983-ல் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் கர்த்தர் என்னைச் சந்தித்தார். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன், அபிஷேகம் பெற்றேன். கல்யாணமாகி மணலிக்கு வந்தேன். அந்த நாட்களில் தீர்க்கதரிசனப் பாடம் என்று ஒரு ரோனியோ நோட்ஸ் எங்களுக்குள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. மகா பாபிலோன் என்பது ரோமாபுரி, ரோமாபுரி என்பது கத்தோலிக்க சபை என்று அதில் கணக்குப் போட்டு நிரூபித்திருப்பார்கள். ஏழு மலை, இரத்தாம்பரம், சிவப்பு அங்கி, பொற்பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் இருக்கும். அந்த நோட்ஸை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். நாலு பேர் சேர்ந்தால் அதை வைத்துப் பிரசங்கம் பண்ணிவிடுவேன்.

1994-ல் அக்காளுடைய மூத்த மகளுக்கு இராயபுரம் கோயிலில் கல்யாணம். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். மாமன் சீர் எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டியவன். "பாபிலோனுக்குள்ளே நான் கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சீர்த்தட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எடுத்து வைத்தாராம். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போவதை நிறுத்தினேனே தவிர, அவள் என் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. மாதம் ஒருமுறை பஸ் பிடித்து, பையில் நெத்திலிக் கருவாடோடு மணலிக்கு வந்துவிடுவாள்.

இப்போது அந்த நோட்ஸை நியாயமாகப் பார்ப்போம். அதில் எல்லாமே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். யோவான் பத்மு தீவிலிருந்து எழுதினபோது அந்தச் சபைகளின் விசுவாசிகளுக்கு இது ரோமாபுரி என்பதில் சந்தேகம் வந்திருக்காது. ஏழு மலைமேல் உட்கார்ந்த ஊர் என்றால் அன்றைக்குச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வெஸ்பாசியான் ராயன் காலத்தில், கி.பி. 71-ல் அடித்த நாணயம் ஒன்றில் ரோமா தேவி ஏழு மலைகள்மேல் உட்கார்ந்திருக்கிற உருவமே இருக்கிறது. பூமியின் ராஜாக்களை ஆளுகிற நகரம் என்று 17-ஆம் அதிகாரக் கடைசி வசனம் சொல்கிறது. அன்றைக்கு ஆண்டது ரோமாபுரிதானே. ரோமாபுரிக்கு ஏன் பாபிலோன் என்று பேர்? கி.மு. 586-ல் எருசலேம் தேவாலயத்தைச் சுட்டெரித்தது பாபிலோன். கி.பி. 70-ல் மறுபடியும் சுட்டெரித்தது ரோம். அதே காலத்து யூத நூல்களும் ரோமுக்கு அந்தப் பேரைத்தான் வைத்தன. பேதுரு தன் முதலாம் நிருபத்தின் முடிவில் பாபிலோனிலிருந்து வாழ்த்துதல் சொல்லுகிறாரே, அதையும் பெரும்பாலான வேத பண்டிதர்கள் ரோம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பாருங்கள், எங்கள் இராயப்பரே பாபிலோனில் உட்கார்ந்து நிருபம் எழுதியிருக்கிறார்!

இதுவரைக்கும் சரி. ஆனால் ஆடுகளைச் சிங்கத்துக்குப் போட்ட ராயர்களின் ரோமிலிருந்து, என் அக்கா மெழுகுவர்த்தி ஏற்றுகிற கோயிலுக்கு ஒரே தாவாகத் தாவுவது எப்படி? அந்தத் தாவலுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1520-ல் மார்ட்டின் லூத்தர் சபை பாபிலோன் சிறையிருப்பில் கிடக்கிறது என்று ஒரு புஸ்தகம் எழுதினார். அவருக்கு இருந்த நியாயமான கோபம் நமக்குத் தெரியும். அதன்பிறகு ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஹிஸ்லாப் என்கிற போதகர் 1853-ல் ஒரு சிறு பிரதியாகவும், 1858-ல் பெரிய நூலாகவும் 'இரண்டு பாபிலோன்கள்' என்பதை வெளியிட்டார். நிம்ரோது, செமிராமிஸ் தொடங்கி கத்தோலிக்கரின் ஒவ்வொரு வழக்கமும் பழைய பாபிலோனிலிருந்து வந்தது என்பது அவர் வாதம். எங்கள் ரோனியோ நோட்ஸின் ஊற்று அதுதான் என்று பின்னாளில் தெரிந்தது.

அமெரிக்காவில் ரால்ஃப் உட்ரோ என்கிற ஊழியக்காரர் ஹிஸ்லாப்பை நம்பி 1966-ல் அதே விஷயமாக ஒரு நூல் எழுதினார். அது நன்றாகப் பரவினது. பிறகு ஹிஸ்லாப் காட்டின ஆதாரங்களை அவரே ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். பல இடத்தில் ஆதாரம் நிற்கவில்லை. இரண்டு காரியம் ஒன்றைப்போல் இருந்தால் ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது என்று ஆகிவிடாது என்பதை உணர்ந்தார். உடனே தன் சொந்த நூலைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, 1997-ல் அதை மறுத்து இன்னொரு நூல் எழுதினார். விற்றுக்கொண்டிருக்கிற தன் புஸ்தகத்தைத் தானே நிறுத்துகிற ஊழியக்காரரை நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? நான் அந்த ஒருவரைப்பற்றித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1843-ல் அதே அமெரிக்காவில் சார்லஸ் ஃபிட்ச் என்கிற பிரசங்கியார், புராட்டஸ்டண்டு சபைகளும் பாபிலோன்தான், வெளியே வாருங்கள் என்று பிரசங்கம் பண்ணினார். அப்படியே ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அந்தப் பேரை அடுத்தவர் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நம்மையும் சிலர் அப்படிச் சொல்லுகிறார்கள், பிரியமானவர்களே. நமக்கு அது வலிக்கிறது அல்லவா?

ரோம் அல்ல, சாட்சாத் பாபிலோனேதான் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. 1991 வளைகுடா யுத்தம் உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். குவைத்திலிருந்து நம் பிள்ளைகள் கையில் ஒன்றுமில்லாமல் விமானத்தில் வந்து இறங்கின வருஷத்துக்கு அடுத்த வருஷம். சதாம் உசேன் 1983 முதல் பழைய பாபிலோனின் இடிபாட்டின்மேல் மறுபடி கட்டினார். நேபுகாத்நேச்சார் செய்ததுபோலவே செங்கலில் தன் பேரைப் பொறிக்கச் சொன்னார். கன்வென்ஷன் மேடைகளில் அதுவே பேச்சு. ஏசாயா 13, எரேமியா 51 இப்போது நிறைவேறப்போகிறது என்று நானும் கை தட்டினேன். சதாமை 2006-ல் தூக்கிலிட்டார்கள். 2019-ல் யுனெஸ்கோ பாபிலோனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்றைக்கு அங்கே சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுக்கிறார்கள். 2001 செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்தபோது, ஒரே நாழிகையில் என்கிற வசனத்தை எடுத்துக்கொண்டு அதுதான் பாபிலோன் என்றார்கள். எருசலேம்தான் என்கிறவர்களும் உண்டு. 11-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தில் ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்ட ஊருக்கும் மகா நகரம் என்றே பேர் வருகிறது. அது லேசில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. ஆனால் கப்பல்காரர்கள் எல்லாரும் எருசலேமுக்காக அழுவார்களா என்று நான் கேட்பேன்.

கப்பல்காரர் என்று சொன்னேன். இங்கேதான் ஆவியானவர் என்னைப் பிடித்தார். நான் முப்பது வருஷத்துக்குமேல் டாலி கிளார்க்காக வேலை பார்த்தவன். கண்டெய்னர் பெட்டியைத் திறந்து சரக்கை இறக்கும்போது, எத்தனை மூட்டை, எத்தனை கிழிசல், எத்தனை குறைவு என்று எண்ணித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை. 18-ஆம் அதிகாரத்தில் 12, 13 வசனங்களை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். அது ஒரு சரக்குப் பட்டியல் என்பது ஒரு நாள்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. பொன், வெள்ளி, ரத்தினம், முத்து என்று தொடங்குகிறது. பிறகு துணி வகை, மர வகை, தந்தம், உலோகம், வாசனைச் சரக்கு, திராட்சரசம், எண்ணெய், மாவு, கோதுமை, கால்நடை, இரதம். எங்கள் யார்டில் எழுதுகிறதுபோலவே இனம் இனமாகப் பிரித்து, விலை உசந்ததை மேலே போட்டு எழுதியிருக்கிறது. கடைசி வரியில் அடிமைகள், மனுஷருடைய ஆத்துமாக்கள். அடிமைகள் என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் சரீரங்கள் என்றே இருக்கிறதாம். அன்றைய அடிமைச் சந்தையில் அடிமைக்கு அதுதான் பேர். ஆட்டுக்கும் குதிரைக்கும் வண்டிக்கும் கீழே அந்த வரி.

யோவான் இதை எசேக்கியேல் 27-ஐ மனசில் வைத்து எழுதியிருக்கிறார். அது பாபிலோனைப்பற்றின அதிகாரம் அல்ல, தீரு பட்டணத்தைப்பற்றினது. தீரு நம்முடைய சென்னையைப்போல ஒரு துறைமுகம். அங்கேயும் சரக்குப் பட்டியல் இருக்கிறது, அங்கேயும் மனுஷரை விற்றார்கள். நாகூம் மூன்றாம் அதிகாரத்தில் நினிவேக்கு வேசி என்று பேர். ஆகவே யோவான் பார்த்த ஸ்திரீ ரோமாபுரியின் சேலையைக் கட்டியிருந்தாலும், பாபேல், நினிவே, தீரு எல்லாவற்றின் நகையும் அவள் கழுத்தில் கிடக்கிறது. பூமியிலே கொல்லப்பட்ட அனைவருடைய இரத்தமும் அவளிடத்தில் காணப்பட்டது என்பது அதிகாரத்தின் கடைசி வசனத்தின் கருத்து. ஆபேல் தொடங்கி அத்தனை இரத்தமும் எப்படி ஒரே ஊரில் இருக்கும்? கடைசிக் காலத்தில் ஒரு பாபிலோன் எழும்பி விழும் என்பதை நான் மறுக்கவில்லை, அதை விசுவாசிக்கிறேன். ஆனால் அதன் விலாசத்தைத் தேடி வரைபடத்தில் விரல் வைக்கிறவர்கள், யோவான் கையில் கொடுத்த பட்டியலை வாசிக்காமல் போய்விடுகிறோம்.

அந்த முத்து எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? ரோமாபுரிச் சீமாட்டிகள் போட்டுக்கொண்ட முத்துக்களில் நம் பாண்டிக் கடல் முத்தும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்கக் கடலோடி எழுதிவைத்த பெரிப்ளூஸ் என்கிற பிரயாணக் குறிப்பில் கொற்கை முத்துக்குளிப்பு வருகிறது. தண்டனை பெற்ற கைதிகளைக்கொண்டு அங்கே முத்து எடுக்கிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறான். ப்ளினி என்கிற ரோம அறிஞர், வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று அங்கலாய்க்கிறார். நம் ஜனங்கள் அதை எவ்வளவு பெருமையாகச் சொல்லுகிறோம்! மூச்சை அடக்கி மன்னார் வளைகுடாவில் மூழ்கினவனுடைய ஆத்துமா யாருடைய தாளில் எழுதப்பட்டது?

இனி என் தாளுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இத்தனை பக்கம் சுற்றிவிட்டேன்.

1998-ல் ஒரு ராத்திரி ஷிஃப்ட். எந்த யார்டு என்று சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து பருப்பு மூட்டை வந்த பெட்டி. பூச்சி வராமலிருக்க மருந்துப் புகை போட்டு மூடியிருப்பார்கள். திறந்து காற்றாட விட்டுத்தான் ஆளை உள்ளே அனுப்ப வேண்டும். அன்றைக்கு அவசரம். கதவைத் திறந்ததும் ஒரு பையன் முதலில் ஏறினான். பத்தொன்பது, இருபது வயசிருக்கும், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளை. கொஞ்ச நேரத்தில் மூட்டைமேலேயே சாய்ந்துவிட்டான். தூக்கி ஆட்டோவில் போட்டார்கள், எண்ணூர் ஹைரோடு தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. அரைமணி நேரத்தில் வேறொரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி வேலையைத் தொடர்ந்தார்கள்.

என் தாளில் கேங் எத்தனை பேர் என்று எழுத ஒரு கட்டம் உண்டு. தொடங்கும்போது பன்னிரண்டு. முடியும்போது எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. "பன்னெண்டுன்னே போடு சார், எதுக்கு வம்பு" என்றார்கள். போட்டேன். மூட்டை கிழிசல் ஏழு, குறைவு இரண்டு என்றும் போட்டேன். கையெழுத்தும் போட்டேன். அந்தப் பையன் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று பிறகு ஊரிலிருந்து வந்த அவன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு என் தாள்தான் சாட்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாலிபர் கூட்டத்தில் என்ன பாடம் எடுத்தேன் தெரியுமா? மகா பாபிலோன், ரோமாபுரி, ஏழு மலை.

அடுத்த வாரம் அக்கா வந்தாள். என் வீட்டம்மா விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அக்கா என்னிடம், "தம்பி, அந்தப் பையன் பேரு இன்னாடா? பூசைல பேரு குடுக்கணும்" என்றாள். செத்தவர்களுக்காக ஜெபிப்பது வேதத்தில் இல்லை, அதெல்லாம் பாபிலோன் சமாசாரம் என்று நான் ஆரம்பித்தேன். அவள் நடுவிலே, "அத்த அப்பறம் சொல்லு. பேரு இன்னா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. "உங்கூடத்தானேடா வேல செஞ்சான்?" என்றாள். கருவாட்டைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். 2001-ல் நானாகவே இராயபுரத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஆனாலும் அந்தப் பேச்சை நாங்கள் இரண்டு பேருமே மறுபடி எடுக்கவில்லை.

மணலியே பாபிலோன் என்று சொல்லுகிறவர்களும் நம் சபையில் உண்டு. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. 1969-ல் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது, 1971-ல் உர ஆலை, அதன் பிறகு வரிசையாக ரசாயன ஆலைகள். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்டவை என்று 43 தொழிற்பகுதிகளைச் சொன்னபோது மணலியும் அதில் ஒன்று. ராத்திரி ஜெபத்துக்கு மாடிக்குப் போனால் புகைபோக்கியின் உச்சியில் ஜுவாலை எரிவது தெரியும். அவள் எரிகிற புகை என்கிற வசனம் யாருக்கும் ஞாபகம் வரும். 2020 ஆகஸ்ட் 4-ல் பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அதே மருந்து ஏறக்குறைய 700 டன் மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டில், 2015-ல் சுங்கத்துறை பிடித்ததிலிருந்து, கிடக்கிறது என்று செய்தி வந்தது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. லாக்டவுன் சமயம், போனிலேதான் உபவாச ஜெபம். ஒரு சகோதரி அழுதுகொண்டே, "ஆண்டவரே, நாங்க பாபிலோன்லயா குடியிருக்கோம்?" என்று ஜெபித்தார்கள். சில நாளில் லாரிகளில் ஏற்றி ஹைதராபாத்துக்குக் கொண்டுபோனார்கள்.

ஆனாலும் மணலி பாபிலோன் அல்ல என்பது என் எண்ணம். 18-ஆம் அதிகாரத்தில் அழுகிறவர்கள் மூன்று கூட்டம்: ராஜாக்கள், வர்த்தகர்கள், கப்பல்காரர்கள். மூன்று கூட்டமும் தூரத்திலே நின்று அழுகிறார்கள். லாபம் போயிற்றே என்று அழுகிறார்கள். அந்தக் கடைசி வரியில் சரக்காகப் போனவர்கள் அழுததாக ஒரு வசனமும் இல்லை. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் கச்சா எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. அப்போது அழுதது யார்? எண்ணெய் விற்றவர்களா? வலையும் படகும் கறுத்துப்போன குப்பத்து ஜனங்கள், வாளியில் எண்ணெயை மொண்டு மொண்டு கொட்டினவர்கள். அவர்கள் தூரத்தில் நிற்கவில்லை, இடுப்பளவு அதிலேயே நின்றார்கள். ராஜாக்களும் பட்டும் இரத்தாம்பரமும் இங்கே இல்லை. இது சரக்கு போகிற பாதை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாதையில் ஒருவன் பேனாவோடு நின்றான், அவன் அபிஷேகம் பெற்ற விசுவாசி.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன், யார்டு விஷயம் உட்பட. கூட்டத்தில் சத்தமில்லை. அவர் விடவில்லை. "பிரதர், எங்கப்பா பிளாண்ட்ல காண்ட்ராக்ட். வெளியே வான்னா வேலையை விட்டுட்டு வரணுமா? அப்பறம் சோத்துக்கு?" என்றார். நியாயமான கேள்வி. எரேமியா 29-ல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குக் கர்த்தர் எழுதி அனுப்பினது என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்றுதானே. தானியேல் பாபிலோன் அரமனையிலேயே வேலை பார்த்தார். அவர் கணக்கில் குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தவர்களால் முடியவில்லை என்று 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. உள்ளே இருந்துகொண்டே வெளியே வந்தவர் அவர். வெளி. 18:4-லும் காரணம் சொல்லியிருக்கிறது, அவளுடைய பாவத்துக்கு உடன்படாதபடிக்கு. ஊரைக் காலி பண்ணினால்தான் உடன்படாமல் இருக்க முடியும் என்று இல்லை. அதே சமயம் ஊருக்குள்ளே இருந்துகொண்டே எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. "நீங்க அன்னிக்குப் பதினொன்னுன்னு எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும் பிரதர்?" என்றார். வேலை போயிருக்கலாம், மூன்று பிள்ளைகள் அப்போது சின்னவர்கள். போகாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது என்றேன். அவருடைய அப்பாவுக்கு என்ன சொல்வது என்றும் எனக்கு முழுசாகத் தெரியவில்லை. இதைச் சபையாருக்கு முன்பாகவே சொன்னேன்.

அதற்கப்புறம் எர்ணாவூரில் இருக்கிற அந்தப் பழைய மேஸ்திரியைத் தேடிப்போனேன். வயசாகிவிட்டது, என்னை அடையாளம் தெரியவில்லை. அந்த ராத்திரியைச் சொன்னதும் உடனே பையனின் பேரைச் சொன்னார், ஊர்ப் பேரையும் சொன்னார். அவன் வீட்டாரைக் கேட்காமல் அதை இங்கே அச்சில் போடுவது சரியல்ல.

நேராக இராயபுரம் போனேன். அக்காளுக்கு எழுபது தாண்டிவிட்டது, பார்வை மங்கிவிட்டது. செத்தவர்களுக்காக ஜெபிப்பதுபற்றி என் உபதேசம் மாறவில்லை, அவள் உபதேசமும் மாறவில்லை. "அந்தப் பையன் பேரு கெடைச்சுதுக்கா" என்றேன். எந்தப் பையன் என்று அவள் கேட்கவில்லை. தலைமாட்டிலிருந்து பழைய காலண்டர் தாளை எடுத்து நீட்டி, "பெருசா எழுது, கண்ணு தெரியல" என்றாள். எழுதினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா பேரு?" என்றாள்.

அது மேஸ்திரிக்கும் தெரியவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் அந்த ஊருக்கே போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். திண்டிவனத்தில் இறங்கி டவுன் பஸ் என்றார்கள்.